வராத டீம்

அந்த ஹாக்கி ஸ்டிக்கை மேல வைக்காதீங்கம்மா. டிரைவர் ஒரு பிரேக் போட்டா யார் தலையிலயாவது விழும். கீழ, சீட்டுக்கு அடியில படுக்க வைங்க. வளைஞ்ச பக்கம் உள்ள போகட்டும். ஆங், அப்படித்தான்.

மகளா? தூங்கட்டும், பாவம். விளையாடுற பிள்ளைக பஸ்ல ஏறுனதும் தூங்கிரும். எனக்குத் தெரியும். நான் அந்த மாதிரி தூங்குற பிள்ளைகளைப் பாத்துக்கிட்டே ஊர் ஊராப் போனவ. மதுரையில செலக்‌ஷனா? ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கா? நல்லது. அவுக அப்பா வரலையா? சரி, சரி. கேக்கல.

நான் ஒரு காலேஜ்ல பி.டி.யா இருந்தேன். பிசிக்கல் டைரக்டர். ரிட்டயர்டு ஆகிட்டேன். சண்முகக்கனி மேடம்னா அப்போ இந்தப் பக்கத்துல ஹாக்கி விளையாடுன பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும். இப்ப தெரியாது. உங்களுக்குக் கோவில்பட்டி தாண்டித் தூக்கம் வருமா? வந்தா சொல்லுங்க, நிறுத்திக்கிறேன். எங்க வீட்ல அவுக, "நீ பேச ஆரம்பிச்சா கண்டக்டர் வந்துதான் இறக்கி விடணும்"னு சொல்லுவாக.

நான் வேலைக்குச் சேரும்போது அந்தக் காலேஜ்ல பொம்பளைப் பிள்ளைக படிக்க வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்துச்சு. பெண்கள் பிரிவுக்கு ஒரு லேடி வேணும்னு கவர்மென்ட்ல சொல்லிட்டாக, அதனால எடுத்தாக. எடுத்துட்டு என்ன செய்யச் சொல்றதுன்னு அவுகளுக்கே தெரியலை. ஸ்போர்ட்ஸ் டே வந்தா மெடல் தட்டு தூக்குறதுக்கு நல்லா உசரமா, லட்சணமா நாலு பிள்ளைகளைப் பிடிக்கணும். ஒரே கலர்ல சேலை கட்டி நிறுத்தணும். வாசல்ல கோலம் போட வைக்கணும். வர்ற விருந்தாளிக்குச் சந்தனம் குடுக்கணும். அதுதான் வேலை. நான் நேஷனல்ஸ் ஆடினவம்மா. தமிழ்நாட்டுக்கு இடது ஓரத்துல, லெஃப்ட் அவுட்டா ஆடிட்டு வந்து, தட்டு தூக்க ஆள் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்.

டீம் நானாத்தான் ஆரம்பிச்சேன். யாரும் கேக்கல, யாரும் வேண்டாம்னும் சொல்லல. பெரிய கிரவுண்டு ஆம்பளைப் பிள்ளைகளுக்கு. எங்களுக்கு ஹாஸ்டலுக்குப் பின்னாடி ஒரு பொட்டல். சுத்திலும் உடைமரம். காலையில வந்ததும் முதல் வேலை முள்ளு பொறுக்குறது, அப்புறம்தான் பந்து. அப்படியும் ஆடுனாக. சுடிதாருக்கு மேல பழைய சட்டையைப் போட்டுக்கிட்டு ஆடுனாக.

எனக்கு உதவிக்குக் குணசீலின்னு ஒருத்தி இருந்தா. எங்கிட்ட படிச்ச பிள்ளைதான். படிப்பு முடிஞ்சதும் மேனேஜ்மென்ட்டே டெம்பரரியா வச்சுக்கிட்டாக. கோச்சுன்னு பேரு. எப்ப வேணும்னாலும் போகச் சொல்லலாம், அந்த மாதிரி வேலை. நான் அவளை என் தங்கச்சி மாதிரி வச்சிருந்தேன். இதை ஏன் சொல்றேன்னா, பின்னாடி அவ செஞ்சதை நினைச்சா எனக்கு இன்னும் ஆறல. அதுக்கு வர்றேன்.

அப்போ எங்களுக்கு மேல, மொத்தக் காலேஜ் விளையாட்டுக்கும் டைரக்டரா இருந்தவரு தங்கையா சார். நல்ல மனுஷன். ரிட்டயர்டு ஆகப்போற வருஷம் ஸ்டாஃப் ரூம்ல எல்லார் முன்னாடியும், "எனக்கு அப்புறம் கனிதான். சீனியர் அவதான்"னு சொன்னாரு. நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஒருநாள் செகரட்டரி ஐயா கூப்பிட்டு அனுப்புனாக. மேனேஜ்மென்ட்டுக்குச் செகரட்டரி, அந்த ஊர்ல அவுக வச்சதுதான் சட்டம். நான் புதுச்சேலை கட்டிட்டுப் போனேன். இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு, அந்தச் சேலையை.

உக்காரச் சொன்னாக. காபி வந்துச்சு. "வீட்ல எல்லாரும் சவுக்கியமா?"ன்னாக. அப்புறம், "டைரக்டர்னா ஆம்பளைப் பயலுகளையும் மேய்க்கணும்மா. வெளியூர் போகணும், வரணும். அடிதடின்னா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நிக்கணும். உன்னால முடியாதுன்னு சொல்லல. உனக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்?"னாக.

"எனக்குக் கஷ்டம் இல்லைங்கய்யா"ன்னு சொன்னேன்.

"உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்"னாக. காபியைக் குடிக்கச் சொன்னாக. குடிச்சேன். வேற என்ன செய்ய?

சேர்மராஜ்னு ஒரு பையனைப் போட்டாக. எனக்கு ரொம்ப ஜூனியர். கெட்டவன் இல்லை, அதையும் சொல்லணும். முதல் நாளே என் ரூமுக்கு வந்து, "மேடம், நீங்க எப்பவும்போல இருங்க. எதுவும் மாறாது. கையெழுத்து மட்டும் நான் போடுவேன்"னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். அந்தக் கையெழுத்து என்னவெல்லாம் செய்யும்னு அவனுக்கும் தெரியல, எனக்கும் தெரியல.

கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்துச் சாத்துங்க. பிள்ளை முகத்துல காத்து அடிக்குது.

அந்த வருஷம்தான் எங்க டீம் நல்லா அமைஞ்சுச்சு. வேலுத்தாய்னு சென்டர் ஹாஃப், நடுவுல நின்னு ஆட்டத்தை நடத்துறவ, அவதான் கேப்டன். அம்மாவும் அப்பாவும் தீப்பெட்டி ஆபீசுல வேலை. அவ பந்தை நிறுத்தினா அது பேசாம நிக்கும்மா, நாய்க்குட்டி மாதிரி. சத்தம் போட்டு விளையாட மாட்டா. கண்ணாலயே சொல்லுவா, மத்த பிள்ளைக ஓடும். அவளுக்குக் கடைசி வருஷம். எங்க பகுதி காலேஜ்களை எல்லாம் ஜெயிச்சுட்டோம். அடுத்தது மதுரையில. அங்க ஆடுனாத்தான் யுனிவர்சிட்டி டீமுக்கு எடுப்பாக. யுனிவர்சிட்டி டீம்ல ஆடிட்டா போலீஸ்லயோ ரயில்வேயிலயோ ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை கிடைக்கும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அதுக்குத்தானே நீங்களும் போறீங்க. வேலுத்தாய்க்கு அது ஒண்ணுதான் வழி.

சேர்மராஜ் வந்து சொல்றான், "அதே தேதியில பசங்களுக்குக் கிரிக்கெட் இருக்கு மேடம். வண்டி ஒண்ணுதான். நானும் அங்க போகணும். பிள்ளைகளைத் தனியா அனுப்ப முடியாது. அடுத்த வருஷம் பார்ப்போம்."

"தனியா இல்லையே. நானும் குணசீலியும் போறோமே."

"ஜென்ட்ஸ் ஸ்டாஃப் ஒருத்தர் கூட இருக்கணும்னு செகரட்டரி ஐயா சொல்றாரு மேடம். யாரும் ஃப்ரீ இல்ல."

நான் பிள்ளைக கிட்ட சொன்னேன். சொல்லித்தானே ஆகணும். மறுநாள் காலையில காலேஜுக்குப் போறேன், பிரின்சிபால் ரூம் வாசல்ல டீம் மொத்தமும் உக்காந்திருக்கு. ஸ்டிக்கை மடியில வச்சுக்கிட்டு. கோஷம் இல்ல, ஒண்ணும் இல்ல. குணசீலியும் அவுக நடுவுல உக்காந்திருக்கா. ஆமா, அன்னைக்கு உக்காந்தா. அதை நான் மறைக்க மாட்டேன்.

பிரின்சிபால் வெளிய வந்து, "உங்க பாதுகாப்புக்குத்தானேம்மா சொல்றோம்"னாரு.

வேலுத்தாய் எந்திரிச்சு நின்னா. "சார், ஆம்பளை கூட வந்தாத்தான் பாதுகாப்புன்னு சொல்றீக. எங்க வீட்ல, வெளிய இருக்குற ஆம்பளைகளுக்குப் பயந்துதான் பொழுது அடையுறதுக்குள்ள வரச் சொல்றாக. எதை சார் நாங்க கேக்கணும்?"னா. மரியாதையாத்தான் கேட்டா. உண்மையிலேயே தெரிஞ்சுக்கணும்கிற மாதிரி. பிரின்சிபால், "சரி, போயிட்டு வாங்க. உங்க என்ட்ரி ஃபார்மை டைரக்டர் கையெழுத்தோட மதுரைக்கு ஃபேக்ஸ் பண்ணச் சொல்றேன்"னு உள்ள போயிட்டாரு. பிள்ளைக அவரு உள்ள போற வரைக்கும் பொறுத்திருந்து, அப்புறம்தான் கட்டிப்பிடிச்சுக்கிட்டாக.

கவர்மென்ட் பஸ்லதான் போனோம். இதே ரோடுதான். தங்குறதுக்குக் குணசீலிதான் ஏற்பாடு பண்ணியிருந்தா. மதுரையில அவ பெரியம்மா வீடு. மாடியில பாய் விரிச்சு எல்லாரையும் படுக்க வச்சு, காலையில பொங்கல் வச்சுக் குடுத்தாக அந்த அம்மா. "ஜெயிச்சுட்டு வாங்கடி, கறி எடுத்து வைக்கிறேன்"னு சொல்லி அனுப்புனாக.

கிரவுண்டுக்குப் போயாச்சு. பிள்ளைக டிரெஸ் மாத்தி, ஷின் கார்டு எல்லாம் கட்டி ரெடியா நிக்குது. கோல் கீப்பர் பிள்ளை கால்ல அந்தப் பெரிய பேடு ரெண்டையும் மாட்டிக்கிட்டு நடக்க முடியாம நடந்து வருது. நான் டீம் பேரு பதியுற டேபிளுக்குப் போறேன். அங்க இருந்தவரு எனக்குத் தெரிஞ்சவருதான், வேற காலேஜ் டைரக்டர். பேப்பரை எல்லாம் புரட்டிப் பாக்குறாரு. "மேடம், உங்க காலேஜ்ல இருந்து ஃபார்மே வரலையே"ங்கிறாரு.

"ஃபேக்ஸ் வந்திருக்கும் சார். பாருங்க."

"வரல மேடம்."

"நான் இப்ப எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

அவரு என்னைய நிமிந்து பாத்தாரு. அவருக்கும் சங்கடம்தான். "நீங்க டைரக்டர் இல்லையே மேடம்"னாரு.

அவ்வளவுதான். அது ஒண்ணும் கெட்ட வார்த்தை இல்ல. உண்மைதானே அது. ஆனா அந்த இடத்துல, அத்தனை காலேஜ் ஆளுக முன்னாடி சொல்லிட்டாரு.

வெளிய ஓடிப்போய் எஸ்.டி.டி. பூத்துல இருந்து காலேஜுக்குப் போன் போட்டேன். ஆபீசுல எடுத்தவரு, "சேர்மராஜ் சார் கிரிக்கெட்டுக்குப் போயிட்டாரு. பிரின்சிபால் மீட்டிங்குல இருக்காரு"ன்னாரு. திரும்பப் போட்டேன். திரும்பவும் அதேதான். நான் பூத்துக்குள்ள நிக்கும்போதே கிரவுண்டுல விசில் சத்தம் கேட்டுச்சு. எதிர் டீமுக்கு வாக்ஓவர், ஆடாமலே ஜெயிச்சதா எழுதிக் குடுத்துட்டாக. ஓடி வந்து பாத்தா, அந்தப் பிள்ளைக கிரவுண்டுல தனியா நிக்குதுக, யாரும் இல்லாம. எங்க பிள்ளைக கேலரியில வரிசையா உக்காந்திருக்கு. ஷூவைக் கழட்டல. கோல் கீப்பர் பேடைக் கழட்டல. அழுகையும் இல்லை. அன்னைக்கு நடந்த எல்லா மேட்சையும் அப்படியே உக்காந்து பாத்தாகம்மா. வாங்க போவோம்னா எந்திரிக்கல. குணசீலிதான் ஒவ்வொருத்தி காலடியிலயும் உக்காந்து ஷூ லேசை அவுத்து விட்டா.

திரும்பி வந்து சேர்மராஜ் கிட்ட கேட்டேன். தலையில கையை வச்சுக்கிட்டு, "ஐயோ மேடம், மறந்துட்டேன்"னான். அவன் பொய் சொல்லலைன்னுதான் இன்னைக்கும் நினைக்கிறேன். வேணும்னு செஞ்சிருந்தாக்கூட எங்களை நினைச்சிருக்கான்னு ஆகும். மறந்துட்டான். எங்களை மறக்குறது அவனுக்கு அவ்வளவு சுலபம்.

அப்பத்தான் நான் கேஸ் போடுறதுன்னு முடிவு பண்ணேன். எங்க வீட்ல அவுகளும் சரின்னாக. அவுகளுக்குப் பேங்க்ல ஆபீசர் வேலை. வக்கீல் சொன்னாரு, "டைரக்டர் போஸ்டுக்கு உங்க சீனியாரிட்டிக்குப் பேப்பர் இருக்கு. ஆனா பெண்ணுங்கிறதால ஒதுக்குறாங்கன்னு காட்டணும்னா மதுரையில நடந்ததைச் சொல்ல ஆள் வேணும்"னு. ஆளுக்கா பஞ்சம்? குணசீலி இருக்கா, கேப்டன் இருக்கா.

குணசீலி வீட்டுக்குப் போனேன். "அக்கா, என்னைய விட்டுருங்கக்கா"ன்னா.

"ஏட்டி, நீ அங்கதானே இருந்தே. நடந்ததைத்தானே சொல்லச் சொல்றேன். ரெண்டு வார்த்தை."

அவ வீட்டுக்காரரு கட்டில்ல படுத்திருந்தாரு. லாரியில இருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. பையன் எங்க மேனேஜ்மென்ட் ஸ்கூல்லதான் படிச்சான். அதை எல்லாம் காரணமாச் சொன்னா. கஷ்டம் யாருக்கும்மா இல்ல? எனக்கு இல்லையா? நான் என்ன சும்மாவா இறங்குனேன்? எங்க வீட்ல ஒரு சம்பளம் நிக்காம வந்துக்கிட்டு இருந்துச்சு, அது வேற விஷயம். மனசுல தைரியம்னு ஒண்ணு இருக்கணும்ல. அவ என் முகத்தையே பாக்கல. புருஷனை ஒரு பக்கமாத் திருப்பிப் படுக்க வச்சுக்கிட்டே, "முடியாதுக்கா"ன்னா. நான் தண்ணிகூடக் குடிக்காம எந்திரிச்சு வந்துட்டேன்.

வேலுத்தாய் அப்படி இல்ல. அவ தைரியக்காரி. அவ ஊருக்குப் போனேன். அப்போ அவளுக்கு ஒரு இடத்துல பேசிக்கிட்டு இருந்தாக. அவ அம்மா என்னைய வாசல்லயே மறிச்சு, "மேடம், கல்யாணம் முடியட்டும். இப்ப கோர்ட்டு, கையெழுத்துன்னு வேண்டாம் மேடம்"னு கையப் பிடிச்சுக்கிட்டாக. அவுக கையெல்லாம் தீப்பெட்டி மருந்து. நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல? உங்க மகளுக்கு நடந்ததுதானே இது, வேற யாருக்கோவான்னு கேட்டேன். வேலுத்தாய் உள்ள இருந்து வந்து, நான் நீட்டுன இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டா. பேனாவைக் குடுத்துட்டுக் கையைக் கட்டிக்கிட்டு ஒடுங்கி நின்னா. மார்கழி மாசம், நல்ல குளிரு.

கேஸ்னு தெரிஞ்சதும் மேனேஜ்மென்ட் ஒரு விசாரணைக் கமிட்டி போட்டாக. அதுல ஒரு பொம்பளையும் இருந்தாக, காமர்ஸ் டிபார்ட்மென்ட் ஹெட். பொம்பளை இருக்காகளேன்னு எனக்குக் கொஞ்சம் நிம்மதி. வேலுத்தாயை நிக்க வச்சு அந்தம்மாதான் கேட்டாக. "மதுரையில எங்க தங்குனீங்க? அந்த வீட்ல ஆம்பளைக யார் யார் இருந்தாங்க? மாடிக்குக் கதவு உண்டா? வீட்டுக்குச் சொல்லிட்டுத்தான் போனியா?" இதேதான். ஃபார்மைப் பத்தி ஒரு கேள்வி இல்ல. கையெழுத்தைப் பத்தி ஒரு கேள்வி இல்ல.

வேலுத்தாய் எல்லாத்துக்கும் பதில் சொன்னா. கடைசியில, "மேடம், நாங்க ஹாக்கி விளையாடப் போனோம். அதைப் பத்தி எதுவும் கேக்க மாட்டீங்களா?"ன்னா.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா"ன்னுட்டாக.

அடுத்து குணசீலியைக் கூப்பிட்டாக. "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க"ன்னு சொல்லிட்டு வந்தா. வெளிய பெஞ்சுல வேலுத்தாய் பக்கத்துல போய் உக்காந்தா. வேலுத்தாய் அவ தோள்ல சாஞ்சு அழுதா. எனக்கு அதைப் பாக்கவே பிடிக்கல. காட்டிக் குடுத்தவ தோள்ல போயா சாயணும்? நான் இருக்கேன்ல?

அந்தச் சம்பந்தம் நின்னு போச்சுன்னு பின்னாடி கேள்விப்பட்டேன். மாப்பிள்ளை வீட்ல வேற ஏதோ காரணமாம். ஊர்னா நாலும் பேசத்தான் செய்யும்.

கேஸ் நடந்துச்சும்மா. நடந்துச்சு, நடந்துச்சு. என் மகளுக்குக் கல்யாணம் ஆச்சு, பேரன் பிறந்தான், அப்பவும் நடந்துச்சு. காலேஜ்ல என்கிட்ட யாரும் பேச மாட்டாக. டீம் பக்கம் நான் போகக்கூடாதுன்னு ஆர்டர் போட்டுட்டாக. குணசீலிதான் அந்தப் பொட்டல்ல பிள்ளைகளை வச்சுக்கிட்டு நின்னா. சேர்மராஜ் கிட்டப் போய், "சார், சார்"னு கெஞ்சி ஒவ்வொரு கையெழுத்தா வாங்கிட்டு வருவா. ஃபேக்ஸ் போற வரைக்கும் மெஷின் பக்கத்துலயே நிப்பாளாம். எனக்கு எரிச்சலா வரும். நான் அங்க நியாயத்துக்குச் சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன், இவ இங்க அவன்கிட்டப் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறாளேன்னு. ரெண்டு மூணு பிள்ளைகளுக்கு அப்படி யுனிவர்சிட்டி டீம்ல இடம் கிடைச்சுச்சுன்னு சொன்னாக. ஒருத்தி போலீஸ்ல இருக்காளாம். இருக்கட்டும். அப்புறம் ஒரு வருஷம் அவளையும் போகச் சொல்லிட்டாக. டெம்பரரிதானே. அவ போனதோட பொம்பளைப் பிள்ளைக ஹாக்கியும் போச்சு. பொட்டல்ல கட்டடம் கட்டிட்டாக.

தீர்ப்பு வந்தப்போ எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்குக் கொஞ்ச மாசம்தான் இருந்துச்சு. நான்தான் டைரக்டர், தங்கையா சாருக்கு அப்புறம் நியாயமா நான்தான்னு ஜட்ஜ் சொல்லிட்டாரு. பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. பெரிய ரூமு, சுழல் நாற்காலி, வாசல்ல என் பேரு. போய் உக்காந்தேன். முதல் வேலையா, ஹாக்கி ஆட விருப்பமுள்ள மாணவிகள் மாலையில கிரவுண்டுக்கு வரலாம்னு நோட்டீஸ் ஒட்டுனேன். பெரிய கிரவுண்டுல நடுவுல போய் நின்னேன், விசிலை மாட்டிக்கிட்டு. யாரும் வரல. ஒரு பிள்ளை மட்டும் வந்து, "மேடம், இதுக்கு அட்டெண்டன்ஸ் குடுப்பீங்களா?"ன்னு கேட்டுட்டுப் போச்சு. தப்பு சொல்ல முடியாது. அதுக ஸ்டிக்கையே பாத்ததில்ல.

அப்பத்தான் எனக்கு வேலுத்தாயைப் பாக்கணும்னு தோணுச்சு. தீர்ப்பைச் சொல்லணும்ல. ஜெயிச்சது அவளுக்கும்தானே. எங்கயோ விருதுநகருக்கு அந்தப் பக்கம் கட்டிக் குடுத்துட்டாகன்னு மட்டும் தெரியும். விசாரிச்சு விசாரிச்சுப் போய்ச் சேந்தேன், ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக்கிட்டு.

ரோட்டு மேலயே சின்ன வீடு. கதவைத் திறந்தவளை எனக்கு அடையாளம் தெரியல. அவளுக்குத் தெரிஞ்சிருச்சு. "மேடம்"னு ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. உடம்பு போட்டிருந்தா. ஆனா நடை அதே நடைம்மா. அடுப்படிக்கும் முன் ரூமுக்கும் நடக்குறா, எனக்குச் சென்டர் ஹாஃப் வர்ற மாதிரியே இருக்கு. கடையில கலர் சோடா வாங்கிட்டு வந்து குடுத்தா.

"குணசீலி அக்கா சொன்னாக, உங்களுக்குக் கேஸ் ஜெயிச்சுருச்சுன்னு"ன்னா.

"அவ இங்க வருவாளா?"

"ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வருவாக மேடம். என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பாத்ததே அவுகதான். எங்க அம்மாவால முடியாமப் போச்சுல்ல, அப்போ அவுகதான் ஊர் ஊரா அலைஞ்சாக."

எதுக்கு வர்றாளோ. குத்த உணர்ச்சியா இருக்கும். நான் அதைக் காதுல வாங்காம தீர்ப்பை எடுத்து அவகிட்டக் குடுத்தேன். இங்கிலீஷ்ல இருந்துச்சு. வாங்கி ஒவ்வொரு பக்கமாத் திருப்பிப் பாத்தா. விரலை வச்சு எதையோ தேடுனா.

"எங்க பேரு இருக்கா மேடம்?"

"பேரு இல்லடி. இது போஸ்ட் சம்பந்தமானது. எனக்கு டைரக்டர் போஸ்ட் குடுக்கணும்னு."

"பேரு வேண்டாம் மேடம். அன்னைக்கு நாங்க வந்திருந்தோம்னு இருக்கா? அந்த டோர்னமென்ட் புக்ல எங்க டீம் வரலைன்னுதான் போட்டிருக்காகளாம். நாங்க வந்துதானே உக்காந்திருந்தோம். அதை மட்டும் எழுதியிருக்காகளா?"

நான் அந்தத் தீர்ப்பை எத்தனையோ தடவை படிச்சிருக்கேன். அதுல ரூல் நம்பர் இருக்கு, சீனியாரிட்டி லிஸ்ட் இருக்கு, தேதி எல்லாம் இருக்கு. மதுரைன்னு ஒரு வார்த்தை இல்லை. அவ கேக்குற வரைக்கும் எனக்கு அது தெரியலம்மா. "இல்லடி"ன்னேன். அவ தலையை ஆட்டிக்கிட்டு, பேப்பரை மடிப்புக் கலையாம மடிச்சு எங்கிட்டயே குடுத்துட்டா.

வாசல்ல பைக் சத்தம் கேட்டுச்சு. அவ சட்டுனு எந்திரிச்சா. "மேடம், அவருக்கு நான் விளையாடுனது தெரியாது"ன்னா. குரலைத் தாழ்த்திக்கிட்டு, வேகமா. "முதல் சம்பந்தம் அதாலதானே போச்சு. மதுரை, கமிட்டின்னு ஊர்ல கதை கட்டிட்டாக. அதனால அம்மா, இவரு வீட்ல காலேஜ்ல படிச்சான்னு மட்டும் சொல்லுங்கன்னுட்டாக. நல்லவருதான் மேடம். ஆனா இப்ப போய்ச் சொன்னா, இத்தனை நாள் ஏன் சொல்லலைன்னு வரும்."

அவரு உள்ள வந்தாரு. நல்ல பையன்தான். என்னையப் பாத்ததும் செருப்பை வெளிய போய்க் கழட்டிட்டு வந்து கும்பிட்டாரு. "எங்க காலேஜ் மேடம்"னா இவ.

"அப்படியா? உக்காருங்க மேடம். இவளுக்கு நீங்க என்ன பாடம் எடுத்தீங்க?"ன்னாரு.

நான் வேலுத்தாயைப் பாத்தேன். அவ என்னையப் பாக்கல. ஸ்வீட் பாக்ஸைப் பிரிச்சுக்கிட்டே, "தமிழு"ன்னா.

நான் எதுக்கெல்லாம் கோர்ட்டுக்குப் போனேன், பாருங்க. என் வேலை பேரை, டைரக்டர்னு, எல்லாரும் சொல்லணும்னு. சொல்ல வச்சுட்டேன். வாசல்ல எழுதி மாட்ட வச்சுட்டேன். அந்தத் தீர்ப்பு அப்போ என் மடியிலதான் இருக்கு.

"ஆமா தம்பி"ன்னேன். "தமிழ்தான் எடுத்தேன். நல்லாப் படிக்கிற பிள்ளை."